ஒரே ஆளிடமிருந்து இரண்டு விவாகரத்து

பவதாரணிக்கு மறைக்கத் தெரியாது. நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் அவளோடு பழகியவர்கள் அவளைப் பற்றிச் சொல்லும் ஒரே குறை இதுதான். ஆளுக்கொரு கறி கொண்டுவரும் பொட்லக்கில் யாருடைய கத்தரிக்காய்க் குழம்பிலாவது உப்புக் கூடிவிட்டால் மற்றப் பெண்கள் "சூப்பர்" என்று சொல்லிக்கொண்டே தட்டை நகர்த்தி வைப்பார்கள். இவள் "உப்புக் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் தயிரைத் தேடுவாள். அவள் வேலை பார்த்த டேகேரில், மாலையில் கூட்டிப்போக வரும் அம்மாமாரிடம், "இன்றைக்கு உங்கள் மகன்தான் கடித்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். இந்தக் குணத்தால் வந்த சில்லறை மனஸ்தாபங்களுக்குக் கணக்கில்லை. பெரிய வில்லங்கம் ஒன்றே ஒன்றுதான். தான் விவாகரத்து ஆனவள் என்பதையும் அவள் மறைக்காமல் விட்டாள்.

1998இல் அவள் நகுலேஸ்வரனைக் கட்டப்போன சமயம், அக்கா ஞானமணி காலில் விழாத குறையாகச் சொன்னாள்.

"ஃபோர்மில சிங்கிள் எண்டு போடடி. இஞ்சை ஆருக்குத் தெரியப்போகுது? கொக்குவிலில நடந்ததை நியூ ஜெர்சிக்காரன் வந்து பாக்கப்போறானோ?"

"நான் என்ன களவா விட்டிட்டு வந்தனானோ அக்கா? கோட்டில நிண்டு வாங்கினனான்."

வாங்கியது உண்மை. 1994இல் யாழ்ப்பாணத்தில், அப்போது ஊரை ஆண்ட இயக்கத்தின் கோர்ட்டில். தீர்ப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இடம்பெயர்ந்து ஓடியபோதும், கொழும்பு லொட்ஜில் கிடந்தபோதும், அக்காவின் பிரசவத்துக்கு உதவி என்று விசிட்டர் விசாவில் பிளேன் ஏறியபோதும் அவள் கையோடு வைத்திருந்தாள். டவுன்ஷிப் ஆபீசில் இருந்த அம்மாள் அந்த முத்திரையைப் பார்த்தார், இணைத்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்தார், புன்னகையோடு லைசென்ஸ் எழுதிக் கொடுத்தார். கோயிலில் தாலி ஏறியது. நகுலேஸ்வரன் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், எஞ்சினியர், நாற்பது தாண்டும்வரை தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட மனிதர். அரசாங்கத்திலிருந்து ஒரு உறை வந்தால் அதை உடைக்கவே இரண்டு நாள் யோசிப்பவர். அடுத்த வருஷம் கௌசிகா பிறந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தீர்ப்பு ஏன் அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். முதல் புருஷன் கஜமுகன் குடிப்பான். குடித்தால் அடிப்பான். குடிக்காத நாளில் ஏன் குடிக்கவில்லை என்ற கோபத்தில் அடிப்பான். ஒருமுறை சைக்கிள் பம்ப்பால் அடித்ததில் மணிக்கட்டு முறிந்தது. போய்ச் சொல்ல ஒரு இடம் இருக்கவில்லை. 1990க்குப் பிறகு அரசாங்கப் பொலிஸ் ஊரில் இல்லை, அரசாங்கக் கோர்ட் பூட்டிக் கிடந்தது. சம்பளமும் ஓய்வூதியமும் கொழும்பிலிருந்து வரும், குற்றம் செய்தால் தண்டம் இயக்கத்துக்குக் கட்டவேண்டும் என்ற விசித்திரமான ஆட்சி. இரண்டு அரசாங்கம் இருந்ததாகச் சொல்வார்கள். பவதாரணிக்கு அடி விழும்போது ஒன்றுகூட இருக்கவில்லை.

பிறகு இயக்கம் பொலிஸ் வைத்தது. நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி அவளுடைய முறைப்பாட்டை, அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து எழுதினாள். பிறகு கோர்ட்டும் வந்தது. கனடாவுக்குப் போய்விட்ட யாரோ ஒருவரின் வீட்டு ஹோலில் மேசை போட்டு விசாரணை. நீதிபதி ஒரு பெண், பவதாரணியைவிட இளையவள். சட்டம் எவ்வளவு படித்தாளோ தெரியாது, ஆனால் கேட்கத் தெரிந்தவள். வீடு சீதனமாக வந்தது, அது பவதாரணிக்கு. தாலிக்கொடி கஜமுகன் வீட்டார் போட்டது, அது அவனுக்கு என்று தீர்த்தாள். பவதாரணி கொடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கஜமுகன் அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே போனான். இருவருக்கும் முத்திரை குத்திய தீர்ப்பு ஆளுக்கொன்று. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்த நாளைப்போல சந்தோஷமான நாள் தன் வாழ்க்கையில் இல்லை என்று பவதாரணி சொல்வாள். இரண்டாவது கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்வாள். நகுலேஸ்வரன் கோபிக்கமாட்டார்.

2000ஆம் ஆண்டு இளவேனிலில் கிரீன் கார்டு இன்டர்வியூ நடந்தது. ஆபீசர் மரியாதையான ஆள். தீர்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எந்த நாட்டுக் கோர்ட் என்று கேட்டார். பவதாரணி விளக்கினாள், ஒன்றுவிடாமல். பக்கத்தில் நகுலேஸ்வரனுக்கு வேர்த்துக் கொட்டியது. சில வாரங்களில் ஒரு உறை வந்தது. இலங்கையின் சட்டப்படி அப்படியொரு நீதிமன்றம் கிடையாது, ஆகவே முதல் திருமணம் முறியவில்லை, ஆகவே இரண்டாவது திருமணம் திருமணமே அல்ல, இதற்கு என்ன பதில் என்று கெடு வைத்துக் கேட்டிருந்தார்கள்.

ஜலஜா சென்னைக்காரி, இமிகிரேஷன் வக்கீல். கோயிலில் பார்த்த பழக்கம். ஆபீசில் உட்காரவைத்து விஷயத்தை உடைத்தாள்.

"இதோ பாருங்க பவதாரணி, இவங்களைப் பொறுத்தவரைக்கும் ஸ்ரீலங்கால ஒரே ஒரு கவர்மென்ட்தான். அந்த கவர்மென்ட் ரெகக்னைஸ் பண்ணாத கோர்ட் குடுத்த டிவோர்ஸ், டிவோர்ஸே இல்ல. பேப்பர்ல நீங்க இன்னும் கஜமுகனோட வைஃப்."

"அவர் என்ர கையை முறிக்கேக்க அந்தக் கவர்மென்ட் எங்கை இருந்தது?"

ஜலஜா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, "அத அவங்க கேக்கமாட்டாங்க," என்றாள்.

வழி ஒன்று இருந்தது. நியூ ஜெர்சி கோர்ட்டிலேயே புதிதாக ஒரு விவாகரத்து வழக்குப் போடலாம். அது கிடைத்ததும் நகுலேஸ்வரனை மறுபடி கட்டிக்கொண்டு, புதிய சான்றிதழை, ஜலஜா அடுத்த வருஷப் பங்குனி வரை நீட்டி வாங்கிய கெடுவுக்குள் கொடுக்கலாம். தவறினால் கேஸ் தள்ளுபடி. அதன்பிறகு நாடுகடத்தும் விசாரணை. கௌசிகா இங்கே பிறந்தவள், அவளை யாரும் அனுப்பமாட்டார்கள், தாயைத்தான் அனுப்புவார்கள். அதைக் கேட்டதிலிருந்து பவதாரணி பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவே பயந்தாள்.

வழக்குப் போட்டால் எதிராளிக்கு அறிவிக்கவேண்டும். கஜமுகனின் கடைசி விலாசம் அவன் தாய் சிவக்கொழுந்துவின் வீடு. ஆங்கிலத்தில் அழைப்பாணையை அனுப்பினால் சட்டத்துக்குப் போதும் என்றாள் ஜலஜா. பவதாரணிக்கு மனம் ஒப்பவில்லை. இயக்கத்தின் கோர்ட்டில்கூட அவனுக்கு விளங்கும் பாஷையில்தானே எல்லாம் சொன்னார்கள், அதைவிடக் குறைவாக நான் நடக்கலாமா என்று, தானே உட்கார்ந்து தமிழில் எழுதி இணைத்தாள். 'எதிராளி கந்தையா கஜமுகன் இந்த மன்றத்தின் முன் பதிலளிக்குமாறு அழைக்கப்படுகிறார்.' நேர்மையாக நடந்துகொண்ட திருப்தியோடு தபாலில் சேர்த்தாள். அவன் இந்நேரம் வேறொருத்தியைக் கட்டி, பிள்ளைகுட்டியோடு கொக்குவிலில் இருப்பான் என்பதுதான் அவள் நினைப்பு. ஊரைவிட்டு வந்தபிறகு அவனைப்பற்றி அவள் யாரிடமும் விசாரித்ததில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு சனிக்கிழமை காலை ஜலஜா போன் பண்ணினாள்.

"பவதாரணி, எங்க ஆபீஸ் நம்பருக்கு ஜாஃப்னாலேர்ந்து ஒரு கால். நோட்டீஸ்ல நம்பர் இருக்கில்ல, அதப் பாத்து பண்ணிருக்காங்க. வயசான அம்மா. ஒரே அழுகை. பையன் எங்க, பையன் எங்கன்னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க கூப்பிடுங்க."

அவள் தந்தது கொக்குவில் பக்கத்தில், காசுக்குப் போன் பேசும் கொம்யூனிகேஷன் கடை ஒன்றின் நம்பர். போன் கார்டைச் சுரண்டி பவதாரணி அடித்தாள். கடைக்காரன் 'அம்மா, உங்களுக்குத்தான்' என்று யாரையோ கூப்பிடுவது கேட்டது. கிழவி வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"ஆர், பவதாரணியோ?"

"ஓம் மாமி, நான்தான்." விவாகரத்துக்கு முன் கூப்பிட்ட முறை, வாயில் தானாக வந்துவிட்டது.

"பிள்ளை, தம்பி அங்கையோ நிக்கிறான்?"

"ஆர் மாமி?"

"கஜன். அமெரிக்கக் கோட்டால அவனுக்குக் கடிதம் வந்திருக்கு. அவன்ர பேர் போட்டு, தேப்பன்ர பேர் போட்டு, வரச்சொல்லி. செத்தவனுக்கு ஆரும் கோட்டால கடிதம் போடுவினமோ? அவையளுக்கு என்னமோ தெரிஞ்சபடியாத்தானே போட்டிருக்கினம். எங்கை பிள்ளை வச்சிருக்கிறாங்கள் அவனை?"

பவதாரணி சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கிழவி சொல்லச் சொல்ல, கஜமுகனின் கதை வந்தது. யாழ்ப்பாணம் ஆமியின் கைக்குப் போன மறுவருஷம். மானிப்பாய்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி, பொருந்தி, கல்யாண எழுத்துக்கு நாள் வைத்தார்கள். அரசாங்கப் பதிவாளர், முதல் கல்யாணம் முடிந்ததற்கு அத்தாட்சி கேட்டார். கஜமுகனிடம் இருந்தது ஒன்றுதான்.

"ஆமி வரமுந்தி ஊரெல்லாம் இயக்கப் பெடியளின்ர முத்திரை கிடந்த காகிதத்தை அடுப்பில போட்டுது. படத்தையும் போட்டுது, ரசீதையும் போட்டுது. நானும் சொன்னனான், எரியடா எண்டு. 'எரிச்சா எனக்கு என்ன அத்தாட்சி அம்மா' எண்டவன். மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றுக்க வச்சுக்கொண்டு சைக்கிளில போனவன். ஆமியின்ர சென்றியில இறக்கிச் சோதிச்சிருக்கிறாங்கள். முத்திரையைக் கண்ட உடனை பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். பின்னால வந்தவை சைக்கிளை மட்டும் கொண்டந்து தந்தவை."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஆத்திரப்படத்தான் வேண்டும். கொழும்பு அரசாங்கத்துக்கு அது வெறும் காகிதம். அமெரிக்க ஆபீசருக்கும் வெறும் காகிதம். அந்தக் கோர்ட்டை மெய்யான கோர்ட் என்று முழுமனதாக நம்பிய ஒரே அரசாங்க ஊழியன், சென்றியில் துவக்கோடு நின்ற அந்தச் சிப்பாய்தான். கல்யாணத்தை முறிக்கச் செல்லாத முத்திரை, ஒரு மனிதனைக் கொண்டுபோகச் செல்லுபடியாகிவிட்டது. கஜமுகன் நல்லவன் அல்ல. ஆனால் பவதாரணி போட்ட வழக்கில் கிடைத்த தீர்ப்பைச் சட்டைப்பையில் வைத்திருந்ததற்காக அவன் இப்படிப் போயிருக்கக்கூடாது.

"நான் போகாத காம்ப் இல்லைப் பிள்ளை. எல்லா இடமும் இந்தப் பேரில ஆளில்லை எண்டுதான் சொல்லுறாங்கள். நான் கேட்டா அப்பிடித்தான் சொல்லுவாங்கள். அமெரிக்கக் கோட்டு கேட்டா மறுமொழி சொல்லத்தானே வேணும்? வழக்குத் தவணைக்குப் போகேக்க நீ நீதவானிட்டக் கேள். ஆமியிட்ட எழுதிக் கேக்கச் சொல்லு. நீ எங்களோட எப்பிடிக் கோவமெண்டாலும் இதொண்டைக் கேள்."

"கேக்கிறன் மாமி." கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது.

நகுலேஸ்வரன் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார். பிறகு மெல்ல, "அப்ப... அந்தாள் இல்லையெண்டால் எங்கட பாடு சுகம்தானே?" என்றார். சொன்னவுடனே முகம் கறுத்துப்போய் எழுந்து ஸ்னோ தள்ளப் போய்விட்டார். வெளியே ஸ்னோ அவ்வளவு இருக்கவில்லை. பவதாரணிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தபோதே அவளுக்கும் அதுதான் முதலில் தோன்றியது. அதற்காகத் தன்னையே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஜலஜா அதைக் கணக்காக எடுத்துச் சொன்னாள்.

"நீங்க கல்யாணம் பண்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார்னா இந்தக் கல்யாணம் செல்லும், ஆனா டெத் சர்டிஃபிகேட் வேணும். காணாமப்போனவங்களுக்கு அம்மா அப்ளை பண்ணா அங்க குடுக்கறாங்களாம். அந்த அம்மா பண்ணுவாங்களா?"

"என்ர பிள்ளை செத்திட்டான் எண்டு அவ எப்பிடிக் கையெழுத்து வைப்பா?"

"அப்ப நம்ம கேஸ்தான் வழி. ஆள் எங்கன்னு தெரியலன்னு பேப்பர்ல நோட்டீஸ் போடறேன். ஹியரிங்ல ஜட்ஜ் கேட்டா, எங்க இருக்கார்னு தெரியாதுன்னு சொல்லுங்க. அது உண்மைதானே? அதோட நிறுத்துங்க. ஆமி, செக்பாயின்ட், இதெல்லாம் வாயத் திறக்காதீங்க. ஆள் உயிரோட இல்லியோன்னு டவுட் வந்தா கேஸைத் தள்ளி வெச்சிடுவார். அதுக்குள்ள டெட்லைன் போயிடும்."

"மாமி ஒரே ஒரு கேள்விதான் கேக்கச் சொன்னவ."

"பவதாரணி, கௌசிகாவ நெனைச்சுக்கோங்க."

2001 மாசியில் ட்ரென்டனில் தவணை. நல்ல வெப்பம் போட்டிருந்த சிறிய கோர்ட் அறை. கிழவிக்குக் கொடுத்த வாக்கை அதுவரை ஒவ்வொரு நாளும் மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்திருந்தாள். டேகேரில் சின்னப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, உதடு மட்டும் அசைய, 'யுவர் ஆனர், தயவுசெய்து அந்த அரசாங்கத்திடம் எழுதிக் கேளுங்கள்' என்று சொல்லிப் பார்ப்பாள். பவதாரணி ஒரு விஷயத்தைச் சொல்வதா விடுவதா என்று யோசித்தது அவள் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை.

நீதிபதி நரைத்த, களைத்த மனிதர். எதிராளி வந்திருக்கிறாரா என்று கேட்டார். சீருடைக்காரர் கதவைத் திறந்து, வராந்தாவைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டார். அவர் எழுத்துக்கூட்டித் தடுமாறியதில், கஜமுகன் என்ற பெயர் யாருடையதோபோல ஒலித்தது. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். கொக்குவில் வீட்டில், அவன் வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டால் அவள் குசினிக்குள் போய் அடுப்போரம் ஒடுங்குவாள். இப்போது அந்த ஆள் உள்ளே வந்துவிடவேண்டும், குடித்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை என்று அவள் வேண்டிக்கொண்டாள். சீருடைக்காரர் கதவைச் சாத்தினார்.

சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தாள். எதிராளி எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று நீதிபதி கேட்டார்.

"தெரியாது."

கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

"விவாகரத்து நாளில்," என்று வாய் நுனிவரை வந்தது. ஜலஜா இருமினாள். "1994இல்," என்றாள் பவதாரணி.

நீதிபதி ஏதோ எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நல்ல மனதோடுதான், வேறு ஏதாவது இந்த மன்றத்துக்குச் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஹோலில் மேசை போட்டிருந்த அந்தச் சின்ன வயது நீதிபதியும் கடைசியில் இதைத்தான் கேட்டாள். அன்றைக்குப் பவதாரணி எல்லாவற்றையும் சொன்னாள், சைக்கிள் பம்ப்பையும் சொன்னாள். இன்றைக்குப் பின்வரிசையில் நகுலேஸ்வரனின் மடியில் கௌசிகா, ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லிச் சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"நோ, யுவர் ஆனர்," என்றாள் பவதாரணி. வேறொன்றும் இல்லை.

விவாகரத்து கிடைத்தது. வாசலில் ஜலஜா கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். நகுலேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரத்துக்குள் டவுன்ஷிப் ஆபீசுக்குப் போய் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதே அம்மாள்தான் இருந்தார், அவருக்கு இவர்களை அடையாளம் தெரியவில்லை. இந்தமுறை காட்டிய தீர்ப்பை யாரும் எங்கேயும் கேள்வி கேட்கவில்லை. பவதாரணி அதைப் பிளாஸ்டிக் உறையில் போடவில்லை. ஜலஜாவின் ஆபீசிலேயே விட்டுவிட்டாள்.

தவணைக்கு மறுநாள் காலையே கொம்யூனிகேஷன் கடைக்கு அடித்திருந்தாள். ஆளனுப்பிக் கூப்பிடவேண்டும், கொஞ்சம் கழித்து எடுங்கள் என்று கடைக்காரன் சொல்வான் என்று இருந்தாள். கிழவி அங்கேயே இருந்தாள்.

"தவணை முடிஞ்சுதோ பிள்ளை?"

"முடிஞ்சுது மாமி."

"அவனைக் கூப்பிட்டவையோ?"

"ஓம்."

"பேரைச் சொல்லியோ?"

"பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டவை. ரெண்டு தரம்."

"அப்ப அவையள் அவன் இருக்கிறான் எண்டுதானே நினைக்கினம்," என்றாள் கிழவி. "கேட்டனியோ? ஆமியிட்ட எழுதச் சொல்லிக் கேட்டனியோ?"

பவதாரணி போன் வயரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கேட்கவில்லை மாமி, என் பிள்ளைக்காகக் கேட்கவில்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் கிழவி ஒருவேளை மன்னித்தும் விடுவாள்.

"கேட்டனான் மாமி."

"என்னவாம்?"

"எழுதுவினமாம்."

"கடவுளே, முருகா." கிழவி அழுதாள். அழுதுகொண்டே கடைக்காரனிடம், "எழுதுவினமாம் தம்பி, அமெரிக்காவால எழுதுவினமாம்," என்று சொல்வது கேட்டது. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி போனுக்கு வந்தாள். ஊர்க் கோர்ட்டுகளில் அலைந்த பழக்கம் அவளுக்கு நிறைய உண்டு. எதிராளி வராவிட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். இன்னொரு நாள் கொடுப்பார்கள்.

"அடுத்த தவணை எப்ப பிள்ளை?"

அடுத்த தவணை என்று ஒன்று இல்லை. வழக்கு முடிந்துவிட்டது.

"ஆவணியில மாமி," என்றாள் பவதாரணி.

"ஆவணியோ? சரி. அதுவரைக்கும் எனக்கு ஒண்டும் ஆகாது. நான் இருப்பன்."